கேஸ் எங்கேர்ந்து வரது?

"கேஸ் கம்பெனின்னு மட்டும் சொல்லு. எதுலேர்ந்து கேஸ் வரதுன்னு வாயைத் திறக்காதே" என்று கிசுகிசுத்தார் மகாதேவன். ஜனக்புரி வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சாக்கடைச் சேறுதானேப்பா? காத்துப் புகாத தொட்டியில மூடி வெச்சா, கிருமி அதைத் தின்னுட்டு கேஸ் விடும். அதை எரிச்சு ஆலையிலயே கரண்ட் எடுக்கறோம். இதுல என்ன வெட்கம்?" என்றாள், கழிவுநீர் ஆலையில் இன்ஜினியராக இருக்கும் மகள் மேதா.

"நம்ம வம்சத்துல யாரும் வாயுத்தொல்லைன்னுகூட வெளியில சொன்னதில்லை. உள்ள போ!"

முப்பத்தாறு வருடம் மத்திய அரசில் குப்பை கொட்டியும் முதுகு வளையாத மனிதர் மகாதேவன். சேறு என்றதும் மூன்று வரன்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். நான்காவதும் போனால் உறவுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

மேதா காபியுடன் வந்தாள். மாப்பிள்ளைப் பையன் கௌஷிக் சடக்கென்று எழுந்து விறைப்பாக நின்றான்.

"உக்காருடா!" என்று அவன் அப்பா சந்திரசேகர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பெண்களிடம் என்ன மரியாதை என்று மகாதேவன் பூரித்துப் போனார்.

"இவன் கரண்ட் தயாரிக்கற கம்பெனி" என்றார் சந்திரசேகர் அவசரமாக. "பொண்ணு கேஸ் கம்பெனியாமே? கேஸ் எங்கேர்ந்து வரது?"

மகாதேவனுக்கு வியர்த்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லை. "டெல்லி முழுக்க வீட்டுக்கு வீடு குழாய் இருக்கு."

"அச்சா! எங்க கிட்வாய் நகர்லயும் இருக்கா?"

"இல்லாமலா? தினம் காலம்பர உங்காத்துலேர்ந்துகூட..."

"இன்னும் கொஞ்சம் கேசரி போட்டுக்கோங்கோ" என்று மனைவி ஜலஜா தட்டை நடுவில் நீட்டினாள்.

"பலே, பெரிய நெட்வொர்க்!" என்று சந்திரசேகர் கேசரியை வழித்தார். "எங்களுக்குப் பரம திருப்தி. சின்னவா ரெண்டு பேரும் பால்கனியில தனியாப் பேசட்டும்."

தனியாக விட்டால் இந்தப் பெண் சேற்றை உளறிக் கொட்டிவிடுவாளே! மகாதேவன் கைகழுவும் சாக்கில் எழுந்து போய், பால்கனித் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கௌஷிக்கின் குரல் மிகப் பணிவாகக் கேட்டது.

"மேடம், கல்யாணத்துக்கு அப்புறமாவது எனக்கு நைட் ஷிஃப்ட் போடாம இருப்பேளா?"