வலப்பக்கக் கன்னம்

"ஒரு கன்னம் மட்டும் எப்படிக் கறுக்கும்? வெயில் எண்டா ரெண்டு பக்கமும்தானே படும்?"

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே பெண்ணின் சித்தியான சுஹறா சாச்சி இப்படிக் கேட்டுவிட்டாள். கல்முனைக்குடியில் அந்த வீட்டு மண்டபத்தில் இருந்த எல்லோரும் அவன் கன்னத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாப்பிள்ளை ஸப்ரியின் இடது கன்னம் மாநிறம். வலது கன்னமோ நன்றாகக் கறுத்து, கண்ணோரம் சுருங்கி, புள்ளி விழுந்து கிடந்தது. வலது கையும் அப்படித்தான். இரண்டு பேரின் பாதியைச் சேர்த்து ஒட்டியது போல இருந்தான்.

பொத்துவிலில் இருந்து மகனைக் கூட்டி வந்திருந்த உம்மாதான் பதில் சொன்னார். "கத்தார் வெயில், தங்கச்சி. ஆறு வருஷமா அங்க டிரைவர்தானே."

"கத்தார்ல எல்லாம் ஏசி வாகனம். கண்ணாடியப் பூட்டிட்டு ஓடுறவருக்கு வெயில் எங்கால வந்து சுடும்? இது ஏதும் வருத்தமோ, தோல் நோயோ எண்டுதான் கேக்கன்."

திரைச்சீலைக்குப் பின்னால், அவர்கள் பார்க்க வந்த பெண் அம்ஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். காலையிலேயே வாப்பாவிடம் தன் நிபந்தனையைச் சொல்லியிருந்தாள். நிறம், உயரம், படிப்பு எதுவும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேண்டாம். வாப்பா சீனிமுகம்மது பன்னிரண்டு வருஷம் சவுதியில் இருந்தவர். சிறுவயதில் அவரை அவள் வாப்பாவாகப் பார்த்ததைவிட, பெட்டியோடு வந்து போகிற விருந்தாளியாகப் பார்த்ததுதான் அதிகம். வருகிறோம் என்றவர்களை வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று வாப்பா இழுத்ததால், கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சம்மதம் என்றால் தேத்தண்ணியை அம்ஹாவே கொண்டு வருவாள். இல்லையென்றால் சாச்சி கொண்டு வருவாள்.

கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றித் தட்டில் வைத்தாகிவிட்டது. சாச்சியைக் கூப்பிடத்தான் வாயெடுத்தாள். ஆனால் பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை பார்க்கிறவளுக்கு, இல்லாத வருத்தத்தை ஓர் ஆளின் தலையில் கட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது வருத்தம் இல்ல சாச்சி," என்றாள் திரைச்சீலைக்குள் இருந்தபடியே.

பிறகு பொறுமையாக விளக்கினாள். வெயிலோடு கண்ணுக்குத் தெரியாத கதிர் இரண்டு வகை வருகிறது. ஒன்று தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். அதைக் கண்ணாடி பெரும்பாலும் மறித்துவிடும். மற்றது அவ்வளவாகச் சுடாது. ஆழமாக இறங்கி, வருஷக்கணக்கில் தோலைக் கறுக்க வைத்துச் சுருக்கும். வாகனத்தின் முன் கண்ணாடி இரண்டு தட்டை ஒட்டிச் செய்தது என்பதால் அதையும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி தடுக்காது.

"அப்ப, சுடாமலே பழுதாக்குமா?" ஸப்ரி முதல்முறையாக வாய் திறந்தான். திரைச்சீலையைப் பார்த்துத்தான் கேட்டான்.

"ஓம். சுட்டிருந்தா நிழல் தேடியிருப்பீங்க. சுடாததாலதான் ஆறு வருஷம் சும்மா இருந்திரிக்கீங்க."

சாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸப்ரி விடவில்லை. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டினால் போதாதா என்று கேட்டான். கறுப்பாக இருப்பதெல்லாம் தடுக்காது, அந்தக் கதிருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும் என்றாள். அதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. முகத்துக்கு வெயில் கிறீம் பூச வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பவும் பூச வேண்டும். ஆறாத புண்ணோ, உருவம் மாறுகிற மச்சமோ கண்டால் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றான் ஸப்ரி. "நான் இரிக்கிறது வலப்பக்கக் கண்ணாடியோரம். காலையில ஏறினா பின்னேரம் வரைக்கும் அந்தப் பக்கம்தான் வெயில் குடிக்கும்."

அவனுடைய உம்மா அவசரமாக இருமினார். லீவு இருபதாம் திகதியோடு முடிகிறது, அதற்கிடையில் நிக்காஹை வைத்தால் மகன் நிம்மதியாகக் கத்தாருக்குப் பிளேன் ஏறுவான் என்று பேச்சை மாற்றினார்.

பிளேன் என்ற சொல் போதுமாக இருந்தது. அம்ஹா சாச்சியை உள்ளே கூப்பிட்டுத் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

சாச்சி திரைச்சீலையை விலக்கி ஓர் அடி வைத்தாள்.

"கொஞ்சம் பொறு சுஹறா," என்றார் சீனிமுகம்மது. வந்தவர்களுக்கு ஸலாம் சொன்னதோடு சரி, அதுவரை அவர் மாப்பிள்ளையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்நேரமும் முழுக்கைச் சட்டை போடுகிற மனிதர், இரண்டு கைகளையும் முழங்கை வரை சுருட்டி மேசை மேல் வைத்தார். வலது கை மாநிறம். இடது கை கறுத்து, சுருங்கி, புள்ளி புள்ளியாகக் கிடந்தது.

"சவுதியில பன்னிரண்டு வருஷம் லொறி ஓடின கை இது. அங்க டிரைவர் இரிக்கிறது இடப்பக்கம். கத்தார்லயும் அப்படித்தான்." ஸப்ரியின் பக்கம் திரும்பினார். "வலப்பக்கம் இரிந்து ஓடுறது நம்மட நாட்டுலதான். நீங்க ஓடுறது எந்த றோட்டுல தம்பி?"

"கொழும்பு – யாழ்ப்பாணம் ஏசி பஸ், மாமா," என்றான் ஸப்ரி. மூச்சு விட வழி கிடைத்தவன் போலச் சொன்னான். "வெள்ளிக்கு வெள்ளி வீட்ட வந்திருவன்."

"வெளிநாடு எண்டாத்தானே பொண் குடுக்கிறாங்க," என்று உம்மா முணுமுணுத்தார்.

"தம்பி ஒரு பொய்யும் சொல்லல்ல. கத்தார் கதையெல்லாம் உங்கடதான்," என்றார் சீனிமுகம்மது.

"அப்ப கத்தாருக்குப் போகவே இல்லையா?" திரைச்சீலைக்குள் இருந்து குரல் வந்தது.

"பாஸ்போட்டே எடுக்கல்ல."

திரைச்சீலைக்குள் இருந்து நீண்ட கை ஒன்று சாச்சியிடம் இருந்த தட்டை உள்ளே வாங்கிக்கொண்டது. அடுத்த நிமிஷம், அம்ஹாவே தேத்தண்ணியோடு வெளியே வந்தாள்.