மடக்கு, நீட்டு

"ஊசிய நேரா புடி. சாக்கு மூட்டையா தைக்கிற?"

கர்னல் அசோகனின் குரல் ஆபரேஷன் தியேட்டர் முழுக்க முழங்கியது. ஊசி பிடித்திருந்த டாக்டர் எழில்மொழிக்கு முகமூடிக்குள் வியர்த்து ஊற்றியது. இத்தனை நாள் பக்கத்தில் நின்று கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்த பெண். இன்றைக்கு நீதான் தைக்கணும் என்று கர்னல் உத்தரவு போட்டுவிட்டார். பட்டாளத்து உத்தரவுக்கு அப்பீல் ஏது?

நர்ஸ் ஞானபாக்கியத்துக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளை தைத்துப் பழக வேறு கையே கிடைக்கவில்லையா என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கர்னல் வியாசர்பாடிக்காரர். ராணுவ ஆஸ்பத்திரியில் குண்டு சிதைத்த கை, பனியில் கறுத்த விரல் என்று பார்த்து முடித்து, ஓய்வு பெற்றதும் திருவொற்றியூருக்கு வந்துவிட்டார். பிரஸ் மெஷின் கடித்தது, கன்டெய்னர் கதவு நசுக்கியது என்று இந்தப் பக்கம் விரல் கேஸுக்குப் பஞ்சமே இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும், "கைக்கு ஸ்பேர் கெடையாது நைனா, பாத்து பொழங்கு" என்று ஒரு பாட்டு பாடித்தான் அனுப்புவார்.

விரலை இழுக்கிற தசைநாண் அறுந்து வருகிறவர்களுக்கு அவர் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கை மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார். வலி தெரியாது, ஆனால் விரலை அசைக்கலாம். அறுந்ததைத் தைத்து முடித்ததும் பரேடு மைதானத்தில் நிற்கிற மாதிரி "மடக்கு" என்பார், "நீட்டு" என்பார். விரல் சொன்னபடி கேட்டால் தோலை மூடுவார்கள். கேட்காவிட்டால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து தைக்க வேண்டும்.

போன மாதம் விம்கோ நகர் லேத் துரை, அந்தக் குரலுக்குப் பயந்து இரண்டு கையையும் சேர்த்து மடக்கிவிட்டான். "நைனா, நான் தச்சது ஒண்ணுதான்" என்றார் கர்னல்.

ரத்தத்தைக் கண்டு யாரும் மிரளக் கூடாதென்று, படுத்திருப்பவரின் முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி கட்டுவது ஞானபாக்கியத்தின் வேலை. இன்றைக்கு அதை வழக்கத்தைவிட உயரமாகவே கட்டியிருந்தாள்.

வெட்டுப்பட்டது வலது கை, ஆள்காட்டி விரல். காசிமேட்டில் வாங்கிய முழு வஞ்சிரம். அங்கேயே வெட்டித் தர ஆள் இருந்தும், நான் பார்க்காத கத்தியா என்று வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிய லட்சணம் இது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களை ஞானபாக்கியம் நிறையப் பார்த்திருக்கிறாள். கத்தி தெரிந்தே கையை விட்டவரை இன்றுதான் பார்க்கிறாள்.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி செங்கொடி. தியேட்டருக்குள் வருவதற்கு முன் ஞானபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"மீன் வெட்றவங்க கையில குடுய்யான்னு தலபாடா அடிச்சிகினேன் சிஸ்டர், கேட்டாதான? வெரலு மடங்குமா? அந்தக் கைய நம்பி எங்க வூடு மட்டுமா கீது?"

"மடங்கும்க்கா. நான் ஜெபம் பண்ணிக்கிறேன், நீங்க ஒக்காருங்க."

சொல்லிவிட்டு வந்துவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. மடங்காவிட்டால் அந்தக் கை இனிமேல் சோறு பிசைய ஆகும், தொழிலுக்கு ஆகாது.

"இன்னா நூலு எடுத்துகினே?" கர்னல் கேட்டார்.

"நீல நூல் சார்."

"ரெண்டு முனையும் ஒட்டிகினு கீதா?"

"ஒட்டியிருக்கு சார்."

"அழுவுறியா?"

"இல்ல சார், வேர்க்குது."

"வேர்வை உள்ள வுழாம தச்சி முடி. முடிச்சு கலீஜா இருந்தா பிரிக்கச் சொல்வேன்."

கடைசி முடிச்சும் விழுந்தது. எழில்மொழி இரண்டு கைகளையும் விலக்கிக்கொண்டு, முடிந்தது என்றாள்.

"மடக்கு" என்றார் கர்னல்.

விரல் அசையவில்லை.

"மடக்குப்பா."

விரல் வெண்டைக்காய் மாதிரி அப்படியே கிடந்தது. போட்ட தையல் அறுந்துவிட்டதா, எதையோ எதனோடோ சேர்த்துத் தைத்துத் தொலைத்துவிட்டேனா என்று எழில்மொழி குனிந்து பார்த்தாள்.

"பிரிச்சிடறேன் சார்" என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

ஞானபாக்கியத்துக்கு வெளியே இருக்கிற பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. எந்த முகத்தோடு போய் அந்த அக்கா முன்னால் நிற்பது?

"இரும்மா, அவசரப்படாத. சில பேரு பயத்துல வெறச்சி பூடுவான். ஒரு அதட்டு அதட்டுனா சரியாப் பூடும்" என்ற கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யோவ், காது கேக்கல? எத்தினி வாட்டி சொல்றது? மடக்குய்யா."

விரல் அப்போதும் கிடந்தது.

ஞானபாக்கியத்துக்குச் சட்டென்று உறைத்தது. கத்தரிக்கோலை எழில்மொழி கையிலிருந்து பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் குனிந்தாள்.

"சார், அது உங்க விரல். நீங்கதான் மடக்கணும்."