படியில் இரண்டு போல்ட்

ஜீப்பின் பக்கவாட்டுப் படியைக் கழற்றிவிட்டு, பாறை இடிக்காமல் காக்கும் இரும்புக் குழாயை மாட்ட வேண்டும். மற்ற போல்ட்டெல்லாம் வந்துவிட்டன. கடைசி இரண்டும் எண்ணெய்க்கும் மசியவில்லை, சுத்தியலுக்கும் மசியவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகித் தொங்கியும் பார்த்தாயிற்று.

"எந்த மடையன்ணே இப்படி முறுக்கினான்?" என்று ஜீப்பின் சொந்தக்காரன் எரிந்து விழுந்தான்.

மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் தம்பி. கழலாம இருக்க மரையில பசை போட்டு முறுக்கினேன். சூடு காட்டினாத்தான் இளகும்."

"நான் சொல்லவே இல்லையே?"

"போன வாரம் நீங்க ஆபீஸ்ல இருந்தப்ப, உங்கம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. படி ஆடி, ஏறும்போது விழுந்துட்டாங்களாம். 'அவன் ஆசையா வாங்கின வண்டி, குறை சொன்னா மனசு கஷ்டப்படுவான், அவன்கிட்ட சொல்லிடாத'ன்னாங்க. அதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல."

அம்மாவின் முழங்காலில் இருந்த கட்டு அவன் நினைவுக்கு வந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்று அன்று அவளிடம் வள்ளென்று விழுந்திருந்தான்.

"சூடு காட்டட்டுமா தம்பி?"

"வேணாம்ணே." அவன் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றிப்போட்ட போல்ட்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கி நீட்டினான். "இது எல்லாத்தையும் படியிலயே அதே மாதிரி முறுக்கிடுங்க."