கண்டிச் சாமான்

சுனாமிக்குப் பின் வந்த பங்குனி வெயில், கடலோரக் கல்லடி ஊரின் கராஜ் தகர ஓட்டைகளால் பொட்டுப் பொட்டாக விழுகிறது. கருவாட்டு வியாபாரி கோணாமலையின் கிழட்டு டீசல் பிக்கப் வாயைத் திறந்தபடி நிற்கிறது. அதன் இழுவையைக் கூட்டவென்று, மெக்கானிக் றஜீவன் பழைய டர்போ ஒன்றைச் சாக்கால் துடைக்கிறான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைக்கிறான். "மலைப்பக்கம், கண்டியில கழட்டின சாமான், அண்ணன். மலிவு. பாரத்தோடயும் பறக்கும்." கோணாமலை, கருவாட்டுக்கு உப்புப் பார்க்கிற பழக்கத்தில், டர்போவின் வாய்க்குள் விரலை விட்டு நாக்கில் வைக்கிறார். கரிக்கிறது. பல்லில் மணல் நறநறக்கிறது. "கண்டிக்குள்ள எப்ப மனே கடல் வந்த?" சாக்கு பிடித்த கை நின்றுவிடுகிறது. கடல் வந்த அன்று கோணாமலையின் தம்பி தன் பிள்ளைகளோடு ஓட்டிப்போன வேன் இன்னும் கிடைக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. "மிச்ச வண்டி எங்க கிடக்கு?"