பாதியில் நின்ற அப்கிரேடு

அப்கிரேடு பாதியில் நின்று, கம்ப்யூட்டர் மூன்று நாளாகக் கறுப்புத் திரையோடு கிடந்தது. மகளின் பரீட்சைப் பாடமெல்லாம் அதற்குள்தான்.

அம்மா உதவி மையத்தை அழைத்தாள். ஐந்து முறை யார் யாரோ எடுத்தார்கள், வைத்துவிட்டாள். ஆறாவது முறைதான் அந்தப் பொறுமையான குரல் கிடைத்தது.

"பதறாதீங்க மேடம். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க."

"பிடிச்சாச்சு சார். மறுபடி அதே கறுப்புதான்."

"பரவாயில்ல, இன்னொரு தடவை பார்ப்போம். பிரிண்டர், பென்டிரைவ் எல்லாத்தையும் கழட்டிடுங்க."

கழற்றினாள். பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்று திரை கேட்டது. அவர் சொன்னபடி அழுத்தினாள். இருபது நிமிடமும் அவர் இணைப்பிலேயே காத்திருந்தார். கடைசியில் திரை விழித்தது. பாடங்களும் பத்திரமாக இருந்தன.

"வீட்ல அவர்கிட்ட மூணு நாளா கெஞ்சறேன் சார். அலுப்பா இருக்கு, ஆளை விடுங்கறார்."

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு வந்ததும் எங்கிட்டயும் இதே மாதிரி நாலு வார்த்தை பேசுங்க."

"கால் ரெக்கார்டு ஆகுதுடி!" என்று கிசுகிசுத்தான் அவள் கணவன்.