வெளியாள் முகம் மறைக்கப்படும்

தென்கொரியாவின் தேஜோன் நகரில், எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டு சாங்-உக், மகளின் முதல் பிறந்தநாள் விருந்தில் போடவிருந்த வீடியோவை ராணுவ ரகசியம் போலக் காத்துவந்தார். ஆனால் விருந்து மண்டபத்துக்காரர், "இந்த ஃபைல் எங்க மெஷின்ல ஓடாது சார், மாத்திக் கொண்டாங்க" என்று திருப்பியனுப்பிவிட்டார்.

"இணையத்துல சும்மாவே மாத்தித் தர்றாங்களே?" என்றாள் மனைவி மி-ரான்.

"என் குழந்தையை முன்னபின்ன தெரியாதவன் கையில கொடுக்கவா?"

முன்பின் தெரியாதவன் எழுதிய மென்பொருளை மட்டும் காசு கொடுத்து வாங்கினார். அது ஃபைலையும் மாற்றுமாம். வெளியாள் முகங்களைத் தானே கண்டுபிடித்துக் கட்டம் கட்டமாக மறைத்தும் விடுமாம். லிஃப்டில் என்னிடமே பெருமையடித்தார்: "அக்கா, முதல்ல மறையப்போறது உங்க முகம்தான். குடும்பம் மட்டும்தான் தெரியும். மாமியார் வீட்ல அசந்துடுவாங்க!"

முடித்த பிறகு ஒருமுறை போட்டுப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். அவர் செய்தால் தப்பு வருமா?

விருந்தன்று, அடுக்கிவைத்த அரிசி கேக்குகளுக்குப் பின்னால் திரை ஒளிர்ந்தது. குழந்தைக்கு நான் கஞ்சி ஊட்டுகிறேன்; என் முகம் பளிச்சென்று தெரிகிறது. என் விரலைப் பிடித்து அவள் முதல் அடி வைக்கிறாள், அப்போதும் பளிச். அடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஓர் ஆணின் முகம் முழுக்கக் கட்டங்கள்.

"யாருடி அந்த ஆளு?" என்றார் சாங்-உக்கின் மாமியார்.

"உங்க மாப்பிள்ளைதாம்மா," என்றாள் மி-ரான். "குழந்தையோட அதிகமா இருக்கிறவங்களைத்தான் அது குடும்பம்னு எடுத்துக்குமாம்."