மூன்றாம் பாடம்

"அண்ணே, மவுஸ் அம்பு இந்தப் படத்தை விட்டு வெளிய போகமாட்டேங்குது. மூலைக்கு இழுத்தாலும் அங்கனயே முட்டிக்கிட்டு நிக்குது" என்றாள் ஜெப்ஸி.

சீனியர் கிளார்க் பாண்டித்துரை எட்டிப் பார்த்தார். "என்னளா இது, மீன் நீந்துது? நம்ம ஃபைலெல்லாம் எங்க?"

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அந்த ஆபீஸுக்கு இருப்பதே ஒரு கம்ப்யூட்டர். காலையில் வந்து உட்கார்ந்தால், திரை முழுக்க நீலக் கடல். ஒவ்வொரு மீன் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. 'மூன்றாம் பாடம்: பத்து விரல்களாலும் அடிக்கவும்' என்று மேலே ஒரு வரி. ஓரத்து மெனுவில் கணக்கு விளையாட்டு, ஓவியம், நட்சத்திர வரைபடம். 'பள்ளிகளுக்கான லினக்ஸ்' என்று மூலையில் போட்டிருந்தது. விசைகளின் மேல்கூட ஏதோ வெள்ளைத் தூள்.

மெனுவில் தேடி ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரை கறுத்தது. மறுபடியும் அதே நீலம், அதே மெனு.

"சுவிட்சை அணைச்சிப் பாப்பமாண்ணே?"

"தொட்டுராத! இருக்கதும் போயிரும். வைரஸ் இப்படித்தான் பச்சப்புள்ள வேஷம் போட்டுட்டு வரும். நேத்து பென்டிரைவ் எதுவும் சொருகினியா?"

ஜெப்ஸி சொருகியிருந்தாள். அக்கா மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்டைப் பிரிண்ட் எடுக்க, யாருக்கும் தெரியாமல். வெளிப் பென்டிரைவைச் சொருகக்கூடாது என்பது முதலாளி வீரபாகு அண்ணாச்சியின் முதல் சட்டம். அதை மீறிய ஜெயகணேஷைப் போன வருஷம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். ஜெப்ஸி சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை ஏற்றிய லாரி துறைமுக கேட்டில் நின்றது. பத்தரைக்குள் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றுமதிப் பேப்பர்கள் போகாவிட்டால், கண்டெய்னரை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். மணி ஒன்பது நாற்பது.

வாசலில் செருப்புச் சத்தம்.

"போச்சு. அண்ணாச்சி வாராவ" என்று பாண்டித்துரை இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தினமும் ஏழு மணிக்கே வந்து ஆபீஸைத் திறந்துவிட்டு, துறைமுகம் போய்த் திரும்புவது அண்ணாச்சியின் வழக்கம். அதட்டலில்லாமல் உள்ளே வரமாட்டார். இன்றைக்குத் திரையைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

"பாண்டி, கேட்டுக்குப் போயி லாரிக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"போன்ல சொல்லிருதேன் அண்ணாச்சி."

"போன்னா போலே!"

பாண்டித்துரை ஓடினார். அண்ணாச்சி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார்.

"நான்தான் அண்ணாச்சி... நேத்து பென்டிரைவ் சொருகிட்டேன். வேலையை விட்டு எடுத்துராதீங்க. வீட்டுல என் சம்பளம் மட்டுந்தான்."

அவர் குனிந்து, விசைப்பலகையின் வலது ஓரத்தில் ஒரு விரலை அழுத்தி வைத்தார். இன்னொரு விரல் எழுத்து எழுத்தாகத் தேடிப்போய் ஒன்றைத் தட்டியது. கடல் சுருங்கி ஒரு சின்னச் சதுரமானது. அதற்குப் பின்னால் ஆபீஸ் ஃபைல்கள் அத்தனையும் வைத்தபடி இருந்தன.

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் அது. உள்ள என்ன கூத்து நடந்தாலும் வெளிய இருக்க ஃபைலைத் தொடாது. ரிப்பேர் பாக்க வந்த ஷாம்தான் போட்டுத் தந்தான்."

"யாருக்கு அண்ணாச்சி?"

அவர் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நெற்றித் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு வேர்வை இறங்கியது. அதைத் துடைத்த விரலை மறுபடியும் விசையின் மேல் வைத்தார். அங்கே இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியது.

"பாண்டிக்குத் தெரிஞ்சா துறைமுகம் பூராச் சிரிக்கும். உன் பென்டிரைவை நான் பாக்கல, என் மீனை நீ பாக்கல, சரியா? இனிமே காலையில நான் படிச்சிட்டு மூட மறந்துட்டேன்னா பயப்படாத; வலது கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டே எஃப்பைத் தட்டு, வெளிய வந்திரலாம்."